அம்மு நின்ற இடம்

பெரியநாயகத்தை எரித்துவிட்டு வந்தவர்கள் குளித்துத் தலை துவட்டுவதற்குள் போட்டோ எங்கே என்ற பேச்சு வந்துவிட்டது. தாராவிச் சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டவேண்டும். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சுவரில் படம் மாட்டி, மாலை போட்டு, விளக்கு வைக்கவேண்டும். போன வாரம் பிறந்த பிள்ளைக்கே போன் நிறையப் போட்டோ கிடக்கிற காலம் இது. இந்த மனுஷனுக்கோ ஆதார் கார்டில் இருக்கிற முகத்தை விட்டால் வேறு முகம் கிடையாது. அதில் அவர் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து உட்காரவைத்த ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீடுகளில் கேமரா வந்தால் அவர் சோற்றுப் பானைகளுக்குப் பின்னால் போய்விடுகிற ஆசாமி. தேடிப் பார்த்ததில் ஒரு ஆல்பத்தில் பாதிக் காதும், இன்னொன்றில் வேட்டி நுனியும் அகப்பட்டன. அவருடைய சொந்தக் கல்யாணப் படங்கள் பம்பாயையே முக்கி எடுத்த அந்த ஜூலை வெள்ளத்தில் ஊறி, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நீலச் சாயமாக வழிந்து போயிருந்தார்கள். அவற்றைத் தூக்கிப் போட மனசில்லாமல் அன்னத்தாய் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

மகன் முகேஷுக்குத்தான் கடைசியில் நினைவு வந்தது. மாட்டுங்காவிலிருந்து வந்தனா என்று ஒரு பெண் தை மாசக் குளிரில் கேமராவும் கையுமாக இங்கே வந்து, அப்பாவையும் ஆட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாளே. அவளுக்கு மெசேஜ் போட்டான். பாவம், அவளும் நல்ல பெண். இரண்டு வரி ஆறுதல் எழுதி உடனே படத்தை அனுப்பிவிட்டாள்.

வாசற்படியில் பெரியநாயகம் உட்கார்ந்திருக்கிறார். அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு அம்மு, அதாவது அவர் வளர்த்த பெட்டை ஆடு, கண்ணைப் பாதி மூடி அவரை அண்ணாந்து பார்க்கிறது. முகேஷின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டர் அதன் உடம்பில். அவர் கை அதன் கழுத்தில் கிடக்கிறது. குனிந்து அதைப் பார்க்கிறார். சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பு எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. இந்த மனுஷனுக்கு இப்படியொரு முகம் இருந்ததா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அன்னத்தாய் பார்த்தபோது, இப்போது அலறப்போகிறாள் என்று இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரே பாயில் படுத்தவள் அவள். அவளுக்கு ஒருநாள் காட்டாத முகத்தை அந்த மனுஷன் போயும் போயும் ஒரு ஆட்டுக்குக் காட்டியிருக்கிறார்.

இருவர் பிழைப்பும் இட்லிதான். மத்தியானம் கிரைண்டரில் ஆட்டி, விடியுமுன்னே கொப்பரையை ஏற்றினால் ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கும். அவித்துக் கொட்டுவது அன்னத்தாய். அலுமினியத் தூக்கில் ஈரத்துணி விரித்து அடுக்கி, சட்னியையும் சாம்பாரையும் சைக்கிளில் மாட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு மாஹிம், மாட்டுங்கா என்று சுற்றுவது பெரியநாயகம். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஆவிதான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், அவர் சைக்கிள் டயரை அமுக்கிக்கொண்டே பதில் சொல்வார். சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டைக்கும் நேரம் வேண்டுமே.

அன்னத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். உளுந்து விலை, முகேஷின் ஊர்சுற்றல், குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அவர் காதில் வாங்கிக்கொண்டாரா இல்லையா என்று கூட அவளுக்குத் தெரியாது. அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பார். அதுவும் எப்போதாவது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலி இட்லித் தூக்குக்குள்ளே ஒரு குட்டியாட்டை வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மாஹிம் பக்கம் தாய் ஆடு டெம்போவில் அடிபட்டுக் கிடந்ததாம், குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டு நின்றதாம். திங்கிற பாத்திரத்தில் ஆட்டைப் போட்டுக்கொண்டு வருகிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா என்று அவள் சந்தே கூடும்படி கத்தினாள். அவர் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பால் பாட்டில் வாங்கப் போய்விட்டார். அம்மு என்று பேரும் அவரே வைத்தார். தினமும் கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு நறுக்கிக் கழித்த வாழையிலைத் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். மார்க்கெட்டில் காலிஃபிளவர் இலையைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அவளுக்கென்று அவர் கையில் ஒரு முழம் பூ வந்ததில்லை. உன் வீட்டுக்காரருக்கு எளையாள் வந்துட்டாளே என்று சந்தில் கேலி பண்ணுவார்கள். அன்னத்தாயும் சிரித்துக்கொண்டே, ஆமா, அவளையே இட்லி அவிக்கச் சொல்லுங்க என்பாள். அப்போது அது கேலிதான்.

அந்த வாழையிலையைக் கட்டும்போதுதான் வந்தனா அவரைப் பார்த்தாளாம். இந்த ஊரில் மனுஷர்களும் அவர்கள் வளர்க்கிற பிராணிகளும் சேர்ந்து இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். டிராம்பேயில் கிளி வளர்க்கிற மீன்காரியை எடுத்தாளாம், மாஹிமில் ஒரு குதிரைக்காரரை எடுத்தாளாம். கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் எல்லாவற்றையும் பெரிதாக மாட்டப்போவதாகச் சொன்னாள். கேமராவைக் கண்டால் ஓடுகிற மனுஷன் அவளுக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தார் என்று சந்துக்கே ஆச்சரியம். அவள் கெட்டிக்காரி. "மாமா, நீங்க கேமராவைப் பாக்கவே வேண்டாம். அம்முவோட பேசிண்டிருங்கோ, போரும்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டாளாம்.

இப்போது மழைக்காலம். கூரைத் தார்ப்பாயில் மழை இரைந்துகொண்டே இருந்தது. வியாபாரத்துக்குப் போன இடத்தில் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்த பெரியநாயகம் அப்படியே சாய்ந்துவிட்டார். சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. அம்மு இலை தின்னாமல் ஏணிக்கடியில் நின்றது. அவர் திரும்புகிற நேரத்துக்குச் சந்து முனைவரை போய் நனைந்துவிட்டு வந்தது. அதைக் கட்டிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. அன்னத்தாய் மட்டும் அதன் பக்கம் திரும்பாமலே இருந்தாள்.

படத்தில் ஆட்டை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் எடுத்துப் பெரிதாகப் போட்டுவிடலாம் என்றான் முகேஷ். காசிம் ஸ்டுடியோவில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. நீ போகாதே, நான் போகிறேன் என்றாள் அன்னத்தாய். எல்லோருக்கும் திகைப்பு. துக்கம் கழியாத வீட்டுப் பொம்பளை படி இறங்கலாமா என்று உல்லாஸ்நகரிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனார் தடுத்தாள். அன்னத்தாய் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். முகேஷின் போன் அவள் இடுப்பில் இருந்தது.

காசிமுக்கு மேலப்பாளையம். மகள் பேரில் ஜுவைரியா ஸ்டுடியோ என்று போர்டு போட்டு, தாராவி ஜனங்களின் முகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவன். பெரியநாயகம் அவனுக்கு அண்ணாச்சி, அன்னத்தாய் மதினி. அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். முகேஷ் முன்கூட்டியே அனுப்பியிருந்த படம் சின்னதாக இருக்கிறதென்று அவனிடம் நம்பர் வாங்கி, வந்தனாவிடமே கேட்டு முழுப் படத்தையும் ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தான்.

"அண்ணாச்சிய மட்டும் வெட்டி எடுத்துருதேன் மதினி. பின்னால வானம், மேகம்லாம் போட்டு ஜம்முன்னு பண்ணிருவோம்."

"ஆட்ட எடுத்திரு."

"அதத்தான் சொல்லுதேன்."

"எடுத்துட்டு, அந்த எடத்துல என்னய வச்சிரு."

காசிம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

சேர்த்து வைக்கிறது அவன் தொழில்தான். மஸ்கட்டில் இருக்கிற மகனைத் தகப்பன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். செத்துப்போன ஆச்சியைப் பேத்தி கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு உட்கார வைப்பான். ஜோடியாகப் படமே எடுக்காமல் வாழ்ந்து முடித்தவர்களை, ஆளுக்கொரு பாஸ்போர்ட் சைஸிலிருந்து பிடுங்கி, ஒரே சோபாவில் போடுவான். இது மாதிரி மட்டும் அவனிடம் யாரும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறவளை மாலை போடுகிற படத்தில் வைப்பார்களா, முகேஷுக்குத் தெரிந்தால் தன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவானே என்று அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

சுவரில் மாட்டுவதற்கு ஆதார் முகத்தையே பெரிதாக்கிக் கொடு என்றாள் அன்னத்தாய். இது அவளுக்கு. பெட்டிக்குள் வைத்துக்கொள்வாள். யாருக்கும் காட்டமாட்டாள்.

"அவிய என்னய அப்பிடிப் பாத்தாப்ல ஒரு படம் வேணும் காசிம். நெசமோ பொய்யோ, எனக்கு வேணும். கழுத்துல இது கெடக்கும்போதே எடுத்திரு. பதினாறு அன்னைக்குக் கழத்திருவாளுவ."

காசிம் கண்ணாடிக் கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டு, ஒரு குட்டை ஸ்டூலை எடுத்துப் போட்டான். ஆடு அண்ணாந்து பார்க்கிற வாட்டத்துக்கு அவளும் அண்ணாந்து பார்க்கவேண்டும். அண்ணாச்சியின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில், ஸ்டுடியோத் துணித்திரையின் மேல் விளிம்பில், ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான். அதைப் பாருங்கள் மதினி, அது அண்ணாச்சி என்றான்.

முதல் படத்தில் அவள் தேங்காய்க்காரனிடம் பேரம் பேசுகிறவள் மாதிரி இருந்தாள். இரண்டாவதில் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கிற முகம். கொஞ்சம் சிரிங்க என்றதற்கு உதடு மட்டும் இழுத்துக்கொண்டது, கண் சிரிக்கவில்லை. காசிமும் பொறுமைசாலி, விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தான். ஸ்டிக்கரை மறந்துவிட்டு அண்ணாச்சி முகத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள் என்றான்.

அன்னத்தாய் நினைத்துப் பார்த்தாள். தூக்கை ஏற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போகிற முதுகு வந்தது. மழையில் ஊறி வெளுத்த கால் விரல்கள் வந்தன. சட்னி வாளியைத் தூக்கித் தருகிற கை வந்தது, நகத்தில் இருந்த அழுக்குக் கூடத் தெளிவாக வந்தது. முகம் வரவில்லை. அவர் அவளைப் பார்க்கிற முகம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. உயிரோடு இருக்கும்போது நாள் தவறாமல் எதிரே நின்ற மனுஷனின் முகம் எங்கே போயிற்று என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

"மொகம் வரமாட்டேங்கு காசிம்" என்றாள்.

எடுத்தவரை போதும், தான் சரிசெய்துகொள்கிறேன் என்று அவன் கம்ப்யூட்டருக்குப் போனான். அவளும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்முவின் காது போயிற்று, ஸ்வெட்டர் போயிற்று, தாடை போயிற்று. அவர் கை மட்டும் ஒன்றையும் பிடிக்காமல் வளைந்து நின்றது. அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. ஆடு நின்ற இடத்தை நிரப்புவதற்காகப் பின்னால் இருப்பதை எல்லாம் காசிம் பெரிதாக்கினான். கதவு நிலை. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஆவி. ஆவிக்குள்ளே பச்சையாக மங்கலாக ஏதோ ஒன்று.

"இது என்ன மதினி, கொடில சேல கெடந்ததோ? எடஞ்சலா இருக்கு, அழிச்சிரட்டுமா?"

அன்னத்தாய் உற்றுப் பார்த்தாள். ரவிக்கைக் கைக்கு அடியில் அவளே வேறு துணி வைத்துத் தைத்த ஒட்டு தெரிந்தது.

"அழிச்சிராத. அது நாந்தான்."

படத்தில் கொப்பரைக்கு மேலே குனிந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்றாள். போனில் ஆடும் அவரும்தான் கண்ணில் பட்டார்கள், இந்த மூலை யாருக்கும் தெரியவில்லை. படத்துக்குள் தன்னை வைக்கச் சொல்லி மழையில் வந்தாளே, அவள் முதலிலிருந்தே அதற்குள்தான் இருந்திருக்கிறாள். காசிம் மவுஸை அந்தப் பச்சையை விட்டுத் தள்ளி நகர்த்தினான்.

அன்னத்தாய் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அடுப்படியில் நின்று பேசுகிற அவளுடைய வழக்கமான குரலாக அது இல்லை.

"அன்னைக்கு அந்தப் புள்ள, வீட்டம்மாவும் வரட்டுமேன்னு சொல்லிச்சு. அவிய கூப்ட்டாவ. ஏட்டி, நீயும் வந்து நில்லுன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கல காசிம். ஈடு எறக்கதுக்கே நேரமில்ல, உங்க எளையாளோட நின்னுக்கிடுங்கன்னேன்."

"அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அந்த ஆட்டுக்கிட்டச் சொன்னாவ. கேட்டியாட்டி அம்மு, ஒன்ன எளையாளுங்கான்னு. சொல்லிட்டுச் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அந்தப் புள்ளயும் சிரிச்சுச்சு. எனக்கு இட்லி வெந்துச்சா வேகலையாங்கதுதான் கவல."

காசிம் திரையில் இருந்த முகத்தைப் பார்த்தான். அன்னத்தாயும் பார்த்தாள். ஆடு இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து, சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்த அந்த முகம். அவள் சொன்ன சொல்லுக்கு வந்த முகமா இது? அந்தச் சிரிப்புக்கு முந்தி எடுத்ததா, பிந்தி எடுத்ததா? யார் கண்டார்கள்? எதிர்வீட்டு ஏணியில் உட்கார்ந்திருந்த எவளோ ஒரு பெண் அதைப் பார்த்திருக்கிறாள். ரெண்டடி தள்ளி நின்ற பொண்டாட்டி பார்க்கவில்லை.

"அவிய என்னய எப்பிடிப் பாத்தாவன்னு நான் எங்க கண்டேன்" என்றாள். "பாத்திருப்பாவ. ஒருநாளாவது பாத்திருக்க மாட்டாவளா? நான் நிமிந்தாத்தான தெரியும்."

அதற்குப் பிறகு அழுதாள். எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து வராத அழுகை எல்லாம் அங்கே, அந்த லைட் வெளிச்சத்தில், வந்தது. காசிம் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் வந்து கேட்டவர்களிடம் கடை மூடியிருக்கிறதென்று சொல்லி அனுப்பினான்.

அவன் உள்ளே வந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்திருந்தாள்.

"ஆட்டத் திருப்பி வை. அது எடம் அதுக்கு. என் மொகம் ஒண்ணும் வேண்டாம்."

"அப்பம் இந்த முதுகு?"

"அது இருக்கட்டும். எதையும் வெட்டாத. இதையே பெருசாப் போடு, சுவத்துல மாட்டணும்."

வீட்டில் முகேஷ் குதித்தான். சொந்தக்காரர்கள் மஜாக் பண்ணிச் சிரிப்பார்கள், கம்பெனியிலிருந்து ஃப்ரெண்ட்ஸ் வருவார்கள், அப்பா படத்துக்கு நடுவில் ஆடு எதற்கு என்றான். பின்னால் மங்கலாக நிற்பது யார் என்று அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. ஃப்ளெக்ஸில் ஆதார் முகத்தைப் போட்டுக்கொள், சுவர் என் சுவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். வாசலில் வந்து, ஏணிக்கடியில் நின்ற அம்முவின் முன்னால் ஊறவைத்துக் களைந்த உளுந்துத் தோலைத் தட்டில் வைத்தாள். அது அவளைப் பார்க்காமல் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது தின்னவில்லை.

பதினாறு அன்று காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, விளக்கு ஏற்றியிருந்தார்கள். வந்தவர்கள் ஆட்டைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். யாரோ மாலையைக் கொண்டு வந்தபோது அன்னத்தாய் கையை நீட்டித் தடுத்தாள். மாலை வேண்டாம், அதில் உயிரோடு இருக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள். ஆட்டைத்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு மாலையைத் தரையில் விளக்கைச் சுற்றி வைத்தார்கள்.

ஆம்பிளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாத்தனார் பலகையைப் போட்டு, கிழக்கைப் பார்த்து உட்காரச் சொன்னாள். படம் மேற்குச் சுவரில் இருந்தது. கிழக்கே பார்த்தால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். அன்னத்தாய் பலகையைத் திருப்பிப் போட்டுப் படத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, மேக்க பாத்து இருக்கக்கூடாது. திரும்பி இரு" என்றாள் நாத்தனார். அவளைச் சுற்றி நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி தோளைத் தொட்டுத் திருப்பப் பார்த்தாள்.

அன்னத்தாய் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் பெரியநாயகம் குனிந்து அம்முவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகக் காட்டியே என் காலம் போச்சு" என்றாள். "அவிய பாக்காட்டியும் நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க கழத்துங்க."

நாத்தனார் அவள் முன்னால் போய் நின்றாள். பிறகு, மறைக்கிறோம் என்று தோன்றி, கொஞ்சம் விலகிப் பக்கவாட்டில் உட்கார்ந்து அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.